அழகரைத் தாமதப்படுத்திய பானகம்

இந்த வருஷமாவது சர்க்கரைச் செம்பை அழகர் முகத்துக்கு நேராகக் காட்டிவிட வேண்டும் என்று இருளாயி விடியுமுன்னே மதுரைக்கு வந்து, வைகைக் கரைத் தெருவில் இடம் பிடித்திருந்தாள். செம்பு நிறைய நாட்டுச்சர்க்கரை, மேலே ஏற்றச் சூடம். போன சித்திரைத் திருவிழாவில், கூட்டத்தில் தொலைந்த புருஷனைத் தேடிப் பிடிப்பதற்குள் சாமி போய்விட்டார். அந்தக் கோபம் புருஷன்மேல் இன்னும் ஆறவில்லை.

வெயில் மண்டையைப் பிளந்தது. பானகப் பந்தலுக்குப் பின்னால் நிழல் இருந்தது; இருளாயி ஒதுங்கினாள். நிழலில் சோலைராசு இருந்தார். பானகம் ஊற்றுகிற கையைவிட அவர் வாய் வேகம்.

"தங்கச்சி மீனாட்சி கல்யாணத்துக்கு அழகரு ஏன் லேட்டா வந்தாருன்னு தெரியுமா தாயி? எங்க பூட்டனுக்குப் பூட்டன் குடுத்த பானகத்தாலதான்! ஒரு வாய் குடிச்சாரு, குதிரைய விட்டு எறங்கிட்டாரு."

சாமிமேல் தண்ணீர் பீய்ச்சத் தோல்பையோடு நின்ற ஆண்டிச்சாமி சிரித்தார். "குதிரை சும்மாவாய்யா நின்னுச்சு?"

"அது ஒரு அண்டா குடிச்சுச்சு. வெல்லம் கொஞ்சம் தூக்கல். தாகம் தாங்காம வைகையில வாய வச்சு ஒரே உறிஞ்சு! அன்னைக்கு வத்துன ஆறுதான். இன்னைக்கும் திருவிழான்னா அணையத் தொறந்துவிட வேண்டியிருக்கு."

இருளாயிக்குச் சிரிப்பு வந்தது. செம்பை மடியில் வைத்துக்கொண்டு வசதியாக உட்கார்ந்தாள்.

"அப்புறம் பூட்டன் பேச ஆரம்பிச்சாரு. அழகரு கன்னத்துல கைய வச்சுக் கேட்டாரு. கதை முடியட்டும்னு சூரியனே உச்சியில நின்னுருச்சு."

"சூரியன் நின்னா முகூர்த்தம் எப்படிண்ணே தப்பும்?" என்று மடக்கினாள் இருளாயி.

சோலைராசு அசரவில்லை. "இந்தக் கரையில மட்டுந்தான் நின்னுச்சு. அக்கரையில அது பாட்டுக்குப் போயிருச்சு. அங்க தாலி கட்டியாச்சு!"

தெருவில் கொட்டுச் சத்தம் கேட்டது. இருளாயி பதறி எழுந்தாள்.

"உக்காரு தாயி, அது ஆட்டக்காரங்க. அன்னைக்கு அழகரு கோவத்துல கெளம்புறப்ப என்ன சொன்னாரு தெரியுமா? 'உங்க வம்சத்துல ஒரு ஆளு உத்தரவு குடுக்காம இனி இந்தப் பந்தலத் தாண்ட மாட்டேன்'னு சத்தியமே பண்ணிட்டாரு. நான் இன்னும் குடுக்கலையே!"

அவர் சொன்ன தோரணையில் அவளும் உட்கார்ந்துவிட்டாள். அண்டாவை உருட்டிக்கொண்டே சோலைராசு அழகரின் கோபத்தை நடித்துக் காட்டி முடித்தபோதுதான் ஆண்டிச்சாமி தெருவை எட்டிப் பார்த்தார்.

"ஐயையோ!"

ஜனங்கள் நனைந்த தலையோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். சாமிக்குப் பின்னால் போகும் உண்டியல் வண்டிகளில் கடைசி வண்டி திருப்பத்தில் மறைந்துகொண்டிருந்தது.

இருளாயிக்கு அழுகை முட்டியது. சோலைராசின் முழியைப் பார்த்ததும் அதுவே சிரிப்பாகிவிட்டது.

"இம்புட்டு நேரமும் புளுகுறீகன்னு நெனச்சேண்ணே. இப்ப முழுசா நம்புறேன். உங்க பூட்டன் வாயத் தொறந்திருந்தா, அழகரு கல்யாணத்தக் கோட்டைதான் விட்டிருப்பாரு."

வாழ்நாளில் முதன்முறையாக ஒருத்தி நம்பிவிட்ட சந்தோஷத்தில், சோலைராசு அவளுக்குப் பானகம் ஊற்றக் குவளையைத் தேடினார். அதற்குள் அவள் முந்தானையை இடுப்பில் செருகி, செம்பை அணைத்துக்கொண்டு ஓடத் தொடங்கியிருந்தாள்.

"எங்க தாயி ஓடுற? இனிப் பிடிக்க முடியாது!"

"அடுத்த பந்தல்லயும் உங்க பங்காளி ஒருத்தரு பேசிக்கிட்டுத்தாண்ணே இருப்பாரு. அங்க பிடிச்சிருவேன்!"