ஜமீன்தாரைத் தொட்ட பந்து

அணை கட்ட வந்த அமெரிக்க எஞ்சினியர் மட்டையையும் பந்தையும் விட்டுப் போனதிலிருந்து ஆலவயலில் ஞாயிறுதோறும் பேஸ்பால்தான். பந்தை அடித்துவிட்டு, திடலின் நாலு மூலையிலும் வைத்த கல்லைச் சுற்றி ஓட வேண்டும். ஓடும்போது எதிரணியில் யாராவது கையிலிருக்கும் பந்தால் தொட்டுவிட்டால் அவுட்.

ஜமீன்தார் சேதுவராயர் மட்டும் அவுட்டானதே இல்லை. அவரைத் தொடுகிற தைரியம் யாருக்கு உண்டு? தொந்தியைத் தூக்கிக்கொண்டு ஆடி அசைந்து சுற்றி வருவார், ஜெயிப்பார். தோற்றவர்கள் அவர் குளத்தைத் தூர்வார வேண்டும்.

மூன்று வாரம் சேறு அள்ளிய கீழத்தெருக்காரர்கள், நாலாம் வாரம் நாவிதர் காத்தமுத்துவைக் கடைசிக் கல்லருகே நிறுத்தினார்கள். ஜமீன்தார் வழக்கம்போல ஆடி அசைந்து வந்தார். காத்தமுத்து பந்தை அவர் தாடையில் பதமாக வைத்து, "அவுட்டுங்க எஜமான்" என்றார்.

"என்னைத் தொட உனக்கு என்னடா துணிச்சல்?"

"தினமும் காலையில இதே இடத்தைத்தானுங்களே தொடுறேன். அப்பக் கையில கத்தி இருக்கும். இன்னிக்கு வெறும் பந்துதானுங்க."

ஜமீன்தார் தொண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். நாளைக் காலையும் சவரம் உண்டு.

"நான் அவுட்டுதான்" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.