பாசி அடைத்த கிண்ணம்

ராஜாக்கள் வரப்பில் நடந்து வந்து வழக்குக் கேட்ட காலத்தில், ஒரு ஏரியும் பத்து வயலும் உள்ள ஓர் ஊர் இருந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மூளை மழுங்கிப் போச்சு என்று அங்கலாய்க்கிறவர்கள் முன்வரிசைக்கு வாருங்கள். கதை உங்களுக்குத்தான்.

பகலுக்கு முப்பது நாழிகை, வயலுக்கு மூன்று நாழிகைத் தண்ணீர். பொழுது சாய்ந்தால் மடையை அடைத்துவிட வேண்டும். அது ஊர்க் கட்டுப்பாடு. மடைக்காவல் மாசாத்தியிடம் இருந்தது. நிழலைப் பார்த்தே நாழிகை சொல்லுவாள் என்று பேர்.

அப்புறம் நாழிகைக் கிண்ணம் வந்தது. அடியில் ஊசித் துளை. தண்ணீரில் மிதக்கவிட்டால் ஒரு நாழிகையில் நிரம்பி மூழ்கும். மருமகள் குமுதி ஒன்று வாங்கி மடைக்குடிசையில் வைத்தாள்.

"பசிக்குதான்னுகூட அதைத்தான் கேப்பியாடி?" என்றாள் மாசாத்தி. ஊரே சிரித்தது.

ஆனால் வெயிலில் நிற்க யாருக்குப் பிடிக்கும்? மாசாத்தி குடிசைக்குள் எட்டி, கிண்ணத்தைப் பார்ப்பாள். வெளியே வந்து நிழலை முறைத்துவிட்டு, "மூணு நாழிகை ஆச்சு" என்பாள். ஒரு வருஷம் இப்படியே ஓடியது.

"அத்தை, துளையில பாசி. கிண்ணம் மெதுவா மூழ்குது" என்றாள் குமுதி.

"எனக்கெதுக்கடி கிண்ணம்?"

இரண்டாம் தடவையும் சொன்னாள். அத்தை காது கேட்காதவள்போலப் போய்விட்டாள். மூன்றாம் தடவை, "உன் தலைதான் மெதுவா ஓடுது" என்று பதில் வந்தது.

ஒவ்வொரு வயலின் முறையும் நீண்டது. பத்தாவது வயல்காரன் நீலனுக்கு முறை வருமுன் பொழுது சாய்ந்தது. நாற்று மஞ்சளித்தது. "மடை திருப்புற பிள்ளைங்க சோம்பேறிங்க" என்றாள் மாசாத்தி. இருந்த விதையெல்லாம் அந்த நாற்றில்தான் என்று நீலன் ராஜாவிடம் அழுதான்.

ராஜா அரண்மனைக் கிண்ணத்தோடு வந்து, அதைத் துணியால் மறைத்து மிதக்கவிட்டார். "நாழிகை முடிஞ்சதும் கை தூக்கும்மா."

மாசாத்தி நிழலைப் பார்த்தாள். ஒன்றும் தோன்றவில்லை. குத்துமதிப்பாகக் கை தூக்கினாள். துணியை விலக்கினால், கிண்ணம் பாதிகூட நிரம்பவில்லை.

அடுத்து குமுதி. ஒரு குச்சி நட்டாள், நிழல் ஒரு நாழிகையில் எட்டும் இடத்தில் கோடு கிழித்தாள், காத்திருந்து கை தூக்கினாள். கிண்ணம் மூழ்கியது.

"உனக்கு நிழல் எப்படித் தெரியும்?"

"கிண்ணம் சரியாச் சொல்லுதான்னு யாராவது பார்க்கணுமே, மகாராஜா. அதான் தினமும் குச்சி நட்டேன்."

அத்தையிடம் மூன்று தடவை சொன்னதை அவள் சொல்லவில்லை. சொல்வாள், சொல்வாள் என்று மாசாத்தி காத்திருந்தாள். கடைசிவரை சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

"துளையில பாசின்னு மூணு தடவை சொன்னா" என்றாள் மாசாத்தி, தரையைப் பார்த்தபடி. "நானும் திருட்டுத்தனமா அந்தக் கிண்ணத்தைத்தான் பார்த்தேன்."

பிறகு ஒரு முள்ளை எடுத்து, ஊர் பார்க்க உட்கார்ந்து, குடிசைக் கிண்ணத்தின் துளையைச் சுத்தம் செய்தாள். நீலனின் நாற்றில் பாதிதான் பிழைத்தது.

கருவி யாருடைய அறிவையும் தின்பதில்லை. அதைச் சோதித்துப் பார்க்கிறவருக்கு அறிவு வளரும், ஒளிந்து பார்த்துவிட்டு இளையவர்களைப் பழிக்கிறவருக்கு இருந்ததும் போகும்.