பின்னால் மாட்டிய மந்தச் சர்வோ

ஏதாவது கெட்டுவிட்டால், கடைசியாக அதைக் கையில் வைத்திருந்தவரைப் பிடித்துக் குற்றவாளி என்பது நம் வழக்கம். மூளைக்கு வேலை மிச்சம். நீங்கள் அப்படிச் செய்யமாட்டீர்கள் என்ற நம்பிக்கையில் இந்த வழக்கை உங்கள் முன் வைக்கிறேன்.

திருச்சிக்கு வெளியே ஒரு மைதானத்தில் மாதிரி ஹெலிகாப்டர் போட்டி நடந்தது. இறுதிச் சுற்றுக்கு வந்திருந்த ஒரு கல்லூரி அணியில் மூவர். நஸ்ரின் ரிமோட் பிடித்துப் பறக்கவிடுபவள். அவளுக்கு இது முதல் இறுதிச் சுற்று. குமுதவல்லி பழுது பார்ப்பவள். ஜெரால்டு புறப்படுமுன் எல்லாவற்றையும் அளந்து சரிபார்ப்பவன்.

ஹெலிகாப்டரின் இறக்கைகளுக்குக் கீழே ஒரு தட்டு உண்டு. தட்டு உயர்ந்தால் இயந்திரம் ஏறும்; தட்டு சாயும் பக்கம் இயந்திரமும் சாயும். தட்டை அசைப்பவை சர்வோ எனப்படும் மூன்று சிறு மோட்டார்கள். அணியின் பழைய ஹெலிகாப்டரில் ஒவ்வொரு சர்வோவுக்கும் ஒரு தனி வேலை: ஒன்று தட்டை உயர்த்தும், ஒன்று முன்பின்னாகச் சாய்க்கும், ஒன்று இடவலமாகச் சாய்க்கும். போட்டியில் பறக்கவேண்டிய புதியதில் முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. தட்டு உயர வேண்டுமானால் மூன்றும் சேர்ந்து தூக்க வேண்டும்.

போட்டிக்கு முந்தைய நாள் பின்பக்கச் சர்வோவின் பற்சக்கரம் உடைந்தது. மாற்றுச் சர்வோ இல்லை. உதிரிபாகங்களுக்காகக் கூடவே கொண்டுவந்திருந்த பழைய ஹெலிகாப்டரில் முன்பின் சாய்த்துக்கொண்டிருந்த சர்வோவைக் கழற்றி அங்கே பொருத்தினாள் குமுதவல்லி.

“பழசுல இருக்கிற மூணுமே கொஞ்சம் மந்தம்தான். பின்னாடிதானே? முன்பின் சாய்க்கிற வேலைக்கு இது போதும்.”

காலையில் ஜெரால்டு தட்டை மெல்ல மெல்ல உயர்த்தி, ரசமட்டம் வைத்துப் பார்த்தான். துளிச் சாய்வும் இல்லை. “இதுல தண்ணி வெச்சாக்கூடச் சிந்தாது” என்றான்.

வெள்ளோட்டத்தில் ஹெலிகாப்டர் ஆணி அடித்தாற்போல் ஓரிடத்தில் நின்றது. மெதுவாக ஏறியது, மெதுவாக இறங்கியது. பிறகு நஸ்ரின் அதை விருட்டென்று ஏற்றினாள். மூக்கு மேலே துள்ளி, பின் நேரானது. சட்டென்று இறக்கினாள், மூக்கு தரையை நோக்கிக் குத்தியது. புல்லைத் தொடுமுன் எப்படியோ மீட்டாள்.

பயிற்சியாளர் திலகவதி சீறினார். “கை நடுங்குது உனக்கு. ஜெரால்டு பறக்கவிடட்டும்.”

“மேடம், மெதுவா ஓட்டுனா ஒண்ணுமே இல்லையே! வேகமா ஏத்தினா மூக்கு மேல, வேகமா இறக்கினா மூக்கு கீழ. கை நடுங்கினா இவ்வளவு ஒழுங்காவா நடுங்கும்?”

“ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்” என்றான் ஜெரால்டு. “மேடை கோணல் இல்லன்னு நான் அளந்தாச்சுடி.”

“நான் மாட்டின சர்வோ ஓடுதுல்ல?” என்றாள் குமுதவல்லி.

உணவு இடைவேளை முடிந்தால் இறுதிச் சுற்று. ரிமோட்டை வாங்கத் திலகவதி கை நீட்டிவிட்டார். நஸ்ரின் அதை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கிறாள்.

தீர்ப்பை நீங்கள் சொல்லுங்கள்: மூவரில் பிழை செய்தவர் யார்? ரிமோட் யார் கையில் இருக்க வேண்டும்?

*

பிழை குமுதவல்லியுடையது. பழைய ஹெலிகாப்டரில் அந்த மந்தச் சர்வோ தன் வேலையை மட்டும் தாமதமாகச் செய்யும். தட்டு உயர்வதைக் கெடுக்காது. புதியதிலோ பின்னால் இருப்பதும் தூக்கியாக வேண்டும். மெதுவாகத் தூக்கினால் அதுவும் உடன் வந்துவிடும். வேகமாகத் தூக்கினால் முன்னிரண்டும் முந்தும், தட்டு பின்னால் சாயும், மூக்கு துள்ளும். இறக்கும்போது எல்லாம் தலைகீழ். ஜெரால்டு அளந்தது மெய். வேகமாக அசைத்துப் பார்க்காதது அவன் பங்கு. நஸ்ரின் இறக்கைகள் சுழலாதபடி செய்து, ஹெலிகாப்டரை மேசைமேல் வைத்து, ரிமோட்டின் குச்சியை வெடுக்கென்று தள்ளினாள். தட்டு நொண்டியதை எல்லோரும் பார்த்தார்கள். திலகவதி நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். “முன்னாடி இருக்கிற ரெண்டையும் கழட்டுடி. பழசுல மிச்சமிருக்கிற ரெண்டு மந்தத்தையும் மாட்டு. மூணும் ஒரே வேகத்துல தூக்கட்டும்” என்றாள் நஸ்ரின். குமுதவல்லி மாட்டினாள், ஜெரால்டு இம்முறை வேகமாகவும் அசைத்துப் பார்த்தான். இறுதிச் சுற்றில் அந்த ஹெலிகாப்டர் மற்ற எல்லாவற்றையும்விட மெதுவாகத்தான் ஏறியது. கோப்பை வேறு அணிக்குப் போயிற்று. ஆனால் மூக்கு அசையவில்லை. நஸ்ரினின் கையும்தான்.