நீர்நாயின் நனைந்த பைகள்

மலையடிவாரத்துக் காட்டில், ஓர் ஓடைக்கரையில், நீர்நாய் ஒன்று தன் இரண்டு குட்டிகளோடு வாழ்ந்தது. பை வீசுவதில் அதை மிஞ்ச அந்தக் காட்டில் ஆளில்லை.

பை வீச்சு என்றால் என்ன தெரியுமா, குழந்தைகளே? ஒரு மரப்பலகையைக் கல்லின் மேல் சாய்த்து வைப்பார்கள். அதன் மேற்பக்கத்தில் ஒரு துளை இருக்கும். காய்ந்த சோளம் நிரப்பிய நார்ப்பைகளைத் தள்ளி நின்று வீச வேண்டும். பை துளைக்குள் விழுந்தால் மூன்று புள்ளி. பலகைமேல் தங்கினால் ஒன்று.

மற்ற விலங்குகள் பையை உயரத் தூக்கி எறியும். நீர்நாயோ தாழ்வாக, தட்டையாகச் சுழற்றி விடும். பை பலகையில் மெல்ல இறங்கி, வழுக்கியபடியே ஏறித் துளைக்குள் போய்விடும்.

அந்தக் கோடையில் ஓடை வற்றியது. ஒரே ஒரு மடுவில்தான் தண்ணீர் மிஞ்சியது. குட்டிகள் நீந்த அது வேண்டும் என்றது நீர்நாய். சேற்றில் புரள எங்களுக்கு வேண்டும் என்றது தாய்க் காட்டுப்பன்றி. சண்டை வேண்டாம், பை வீசித் தீர்த்துக்கொள்வோம் என்று இரண்டும் ஒத்துக்கொண்டன. ஆளுக்கு நான்கு பைகள்; அவரவர் பைகளை அவரவர் கொண்டுவர வேண்டும்.

நீர்நாய் ஓயாமல் பயிற்சி செய்தது. நடுநடுவே மடுவில் குதிக்கும். ஈரக் கையோடு வந்து மறுபடி வீசும். களைத்துவிட்டால் பைகளைச் சேற்றிலேயே போட்டுவிட்டுத் தூங்கப் போய்விடும்.

அதன் நண்பன் முள்ளம்பன்றிக்கு மனம் கேட்கவில்லை. "பைகள் ஊறிக் கிடக்கின்றனவே! என் பாறைமேல் காயவைத்துத் தரட்டுமா?"

"பையா வீசுகிறது? கைதானே வீசுகிறது! நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம், விடு."

போட்டி நாள் வந்தது. காட்டுப்பன்றி சுமாராகத்தான் வீசியது. ஆனால் அதன் பைகள் கிளையில் தொங்கிக் காய்ந்தவை. ஒன்று துளைக்குள் விழுந்தது. இரண்டு பலகைமேல் நின்றன. ஒன்று தவறியது.

நீர்நாய் முதல் பையை அழகாகச் சுழற்றி விட்டது. ஊறிக் கனத்த பை 'பொத்'தென்று பலகையின் கீழ்முனையில் விழுந்து அங்கேயே ஒட்டிக்கொண்டது. இன்னும் வேகமாக வீசியது. அடுத்த பை பலகையைத் தாண்டிப் புதரில் விழுந்தது. மூன்றாவதும் பலகையில் ஏறாமல் ஒட்டியது.

கடைசிப் பையைப் பல்லைக் கடித்துக்கொண்டு வீசியது. இற்றுப்போன தையல் நடுவானில் பிரிந்தது. முளைவிட்ட சோளம் எங்கும் சிதறியது. காட்டுக்கோழிகள் ஓடிவந்து கொத்தத் தொடங்கின.

யாரும் சிரிக்கவில்லை. நீர்நாய் தலைகுனிந்து குட்டிகளிடம் போனது. "வாருங்கள், கண்ணுகளா. வேறு தண்ணீர் தேடுவோம்."

"தண்ணீர் எங்கே இருக்கிறது, அம்மா?" என்றது சின்னக் குட்டி.

"நில், தங்கச்சி!" என்றது காட்டுப்பன்றி. "வெயில் ஏறிய பிறகுதான் நாங்கள் சேற்றில் இறங்குவோம். காலையில் உன் பிள்ளைகள் நீந்தட்டும்."

"அக்கா, தோற்றவள் நான்."

"நீ தோற்றாய். குட்டிகள் என்ன செய்தன?"

குட்டிகள் தண்ணீருக்குள் பாய்ந்தன. ஆனால் வெயில் ஏறியதும் பன்றிகள் இறங்க, தண்ணீர் கலங்கியது. சூடான கரையில் குட்டிகள் வாடிக் கிடந்ததைப் பார்த்து நீர்நாய் பெருமூச்சு விட்டது.

பிறகு எழுந்து, பைகளைப் பொறுக்கிக்கொண்டு முள்ளம்பன்றியைத் தேடிப் போனது.

"உன் பாறையில் கொஞ்சம் இடம் தருவாயா?"

"தாராளமாக. முதலில் கையைத் துடைத்துக்கொள்" என்றது முள்ளம்பன்றி. உதிர்ந்த முள் ஒன்றை ஊசியாக எடுத்து, கிழிந்த பையைத் தைக்க உட்கார்ந்தது.

நீதி: கைத்திறன் எவ்வளவு இருந்தாலும், கருவியைப் பேணாதவருக்கு வேண்டிய நேரத்தில் அது உதவாது.