பரிபூரணம் கொண்டுபோன முகம்

"கை கெதியாப் படிச்சிடும், ஆனா இந்தக் கண் இருக்கெல்லே..." என்று ஒரு கலைவிழாவில் பெரியவர் ஒருவர் பேசினார். மிச்சம் குகநேசனுக்கு நினைவில்லை. அன்றைக்கு முதற்பரிசு அவனுக்கு. பேச்சு எப்போது முடியும் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அது பழைய கதை. இன்றைக்கு அவனுக்கு வயிறு பற்றி எரிந்தது.

"ரீச்சர், ஒண்டு கேக்கட்டே?"

யோகேஸ்வரி ரீச்சர் தூரிகை கழுவிக்கொண்டிருந்தார். அவரிடம் படம் கீறப் பழகுகிறவர்களுக்கு ஒரே வேலைதான்: போர்க்காலத்தில் காணாமற்போன பிள்ளைகளின் முகங்கள். அந்த முகங்களை மடியில் வைத்துக்கொண்டு தாய்மார் வீதியோரக் கொட்டகையில் இருப்பார்கள். போகிற வருகிறவர்களிடம் பிள்ளை எங்கே என்று கேட்பார்கள்.

"கேளும்."

"பரிபூரணம் அக்கா என்ர படத்தை விட்டிட்டு மெற்றில்டா கீறினதைக் கொண்டுபோயிட்டா."

"ஓம், கண்டனான்."

"நான் ஒன்பது வருசமாக் கீறுறன். அவள் வந்து ஒரு வருசம் ஆகேல்லை. தையல் கடையில பொத்தான் தைச்சவள்!"

"நல்லாத் தைப்பாள். இந்தச் சட்டையும் அவள் தைச்சதுதான்."

குகநேசன் தன் படத்தைக் கொண்டுவந்து சுவரில் சாய்த்தான். அதில் இருந்தது பரிபூரணத்தின் மகன் சேந்தன். காணாமற்போனபோது பத்தொன்பது வயது. அடையாள அட்டைப் படத்தைப் பார்த்துக் கீறியது. புருவத்துத் தழும்புகூடத் தப்பவில்லை.

"ஒரு பிழை காட்டுங்கோ."

"ஒண்டும் இல்லை."

"அவள் கீறினதில ஒரு காது மேல, ஒரு காது கீழ!"

அந்தக் காதைக் கண்டுபிடித்த அன்று அவனுக்குச் சோறு நன்றாக இறங்கியிருந்தது.

"ஓம். நானும் அவளிட்டச் சொன்னனான்."

"பேந்தென்ன ரீச்சர்?"

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. பரிபூரணம் மெற்றில்டா கீறிய படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தாள்.

"மெற்றில்டா, பிள்ளை! இதில ஒரு கண்ணாடி போட்டுவிடம்மா. அவன் சின்னனிலயே புத்தகத்தை மூக்குக்குக் கிட்ட வைச்சுத்தான் வாசிப்பான். இப்ப முப்பத்தஞ்சு வயசில கண்ணாடி இல்லாமல் இருப்பானே?"

உள்ளிருந்து வந்த மெற்றில்டா படத்தை வாங்கி மேசையில் நிறுத்தினாள். முன்மயிர் ஏறிய, கன்னம் கொஞ்சம் சதைத்த ஓர் ஆள்.

"தலை சரியே அக்கா?"

"அச்சா. தேப்பனுக்கும் இந்த வயசில அப்பிடித்தான் கொட்டினது."

குகநேசனால் பொறுக்க முடியவில்லை.

"அக்கா, என்ர படத்தில என்ன குறை?"

"ஒரு குறையும் இல்லைத் தம்பி. போட்டோ மாதிரியே இருக்கு. போட்டோ என்னட்டையும் இருக்கெல்லே."

மெற்றில்டா சிரிப்பை மறைக்கக் குனிந்தாள்.

"கடைக்குப் போட்டு வாறன், அதுக்குள்ள முடி பிள்ளை" என்று பரிபூரணம் படியிறங்கினாள்.

ரீச்சர் எழுந்தார். சரஸ்வதி படத்தில் தொங்கிய மாலையைக் கழற்றிக் குகநேசனிடம் நீட்டினார்.

"இந்த ரெண்டில எதுக்கு இது பொருந்துமோ, அதுக்குப் போடும்."

அவனுக்கு முகம் மலர்ந்தது. மெற்றில்டாவை ஒருமுறை பார்த்தான். பிறகு நேரே போய்த் தன் படத்துக்கு மாலையைப் போட்டான். இரண்டு பக்கமும் சமமாக விழ இழுத்துவிட்டான். நாலடி பின்வாங்கி நின்று பார்த்தான்.

பத்தொன்பது வயதுப் பெடியன் மாலைக்குள்ளிருந்து அசையாமல் பார்த்தான்.

எத்தனையோ வீடுகளின் சுவரில் குகநேசன் இப்படி மாலை போட்ட படங்களைக் கண்டிருக்கிறான். கீழே ஒரு விளக்கும் எரியும்.

அவன் திரும்பப் படத்தடிக்குப் போனான்.

"கழட்டும்" என்றார் ரீச்சர். "அவ வாறதுக்கு முதல் கெதியாக் கழட்டும்."

கழற்றினான். மெற்றில்டா தலை நிமிராமல் கண்ணாடியின் இரண்டாவது வட்டத்தைக் கீறிக்கொண்டிருந்தாள்.

அவள் முடிக்கும்வரை குகநேசன் பக்கத்திலேயே நின்றான்.

இதுவரை தான் படம் கொடுத்த நாற்பத்திரண்டு வீடுகளுக்கும் மெற்றில்டாவைக் கூட்டிக்கொண்டு போவது, ஒவ்வொரு தாயிடமும் பிள்ளைக்கு இப்போது என்ன வயது என்று கேட்பது என்று முடிவெடுத்தான்.