செம்பின் மேல் கோபம்

பவளக்கொடியை அவள் அண்ணன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வந்தபோது அவள் கைகள் நடுங்கின. வாய் கோணியிருந்தது. பேச்சு குழறிக் குழறிக் கடைசியில் நின்றே போயிருந்தது. பேய் பிடித்திருக்கிறதென்று வீட்டார் அவளை ஒரு பூசாரியிடம் விட்டிருந்தார்கள். அவர் கட்டி வைத்து அடித்திருந்தார். மணிக்கட்டுகளில் கயிறு அறுத்த காயம் இன்னும் ஆறவில்லை.

டாக்டர் நஃபீசாவிடம் நரம்பியல் பயில வந்த எழிலரசு, விளக்கடித்து அவள் கண்ணைப் பார்த்தான். கருவிழியைச் சுற்றிச் செம்பழுப்பாய் ஒரு வளையம், செம்பு படிந்த அடையாளம். பரிசோதனைகளும் அதையே சொல்லின. உணவில் வந்து, உடம்பு வெளியேற்றாத செம்பு ஈரலில் தேங்கி, மூளைக்கும் ஏறியிருந்தது.

அவனுக்கு வந்த கோபம் அடங்கவே இல்லை. அவள் அண்ணனை வராந்தாவில் நிறுத்தி வாய்க்கு வந்தபடி ஏசினான். பூசாரியைப் போலீசில் பிடித்துக் கொடுக்காமல் விடமாட்டேன் என்றான். செம்பை இழுத்து வெளியேற்றும் மாத்திரையை மிகக் குறைந்த அளவில் தொடங்கும்படி நஃபீசா சொன்னதும் அந்தக் கோபம் அவர் பக்கம் திரும்பியது.

"முழு அளவும் இன்னைக்கே கொடுத்துடலாம் மேடம். அந்தச் சனியன் ஒரு சொட்டுகூட அவளுக்குள்ள இருக்கக் கூடாது."

"வேகமாக் கிளப்பினா அது மூளையை இன்னும் கெடுக்கலாம் எழில்."

"அதுக்காக அதைக் கொஞ்சிக்கிட்டு இருக்கணுமா?"

நஃபீசா, செவிலியர் கொண்டுவந்த கஞ்சிக் கிண்ணத்தை வாங்கி அவன் கையில் கொடுத்தார்.

பவளக்கொடியை நிமிர்த்தி உட்காரவைத்து அவன் ஊட்டினான். கோபம் கையிலும் இருந்தது. கரண்டி பல்லில் இடித்தது. முதல் வாயை அவள் விழுங்கி முடிப்பதற்குள் அடுத்ததை நீட்டினான். அவளுக்குப் புரையேறியது. கஞ்சி மூக்கு வழியாக வந்தது. நஃபீசா பாய்ந்து அவளை முன்னால் சாய்த்துப் பிடித்து, இருமல் அடங்கும்வரை முதுகைத் தடவிக்கொடுத்தார்.

மூச்சு திரும்பியதும் பவளக்கொடி எழிலரசின் முகத்தைப் பார்த்தாள். பிறகு, நடுங்கும் இரண்டு கைகளையும் சேர்த்து, கயிற்றால் கட்டட்டும் என்பதுபோல் அவனிடம் நீட்டினாள்.

அவன் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

வெளியே வந்ததும் சுவரில் சாய்ந்து நின்றான். நஃபீசாவும் பின்னால் வந்தார்.

"எனக்கு அவ மேல கோபமே இல்லை மேடம். செம்பு மேலதான்."

"பூசாரியும் பேயைத்தான் அடிச்சார்" என்றார் நஃபீசா.