நூறு கண்ணி, ஒரு சால்வை

கூகைமலைக்காரர்களை முட்டாள்கள் என்று யாரும் சட்டென்று சொல்லிவிட முடியாது. சொன்னால், கூட்டம் போட்டு அது உண்மையா என்று ஓட்டெடுப்பு நடத்திவிடுவார்கள்.

பக்கத்து ஊர்க்காரர்கள் அமைச்சருக்குக் கடைச் சால்வை போர்த்தித் தார் ரோடு வாங்கியிருந்தார்கள். அடுத்த வாரம் அவர் கூகைமலைக்கு வருவதாக இருந்தது. "கடைச் சால்வைக்கே ரோடுன்னா, கையால பின்னின கம்பளிச் சால்வைக்கு?" என்றார் ஊர்த் தலைவர் பூதலிங்கம். கூட்டம் வாயைப் பிளந்தது.

டவுனிலிருந்து பின்னல் டீச்சர் ரெபேக்கா வந்தார். "ரொம்ப சுலபம். முதல்ல நூலுக்கு நீளமா ஒரு வால் விடணும். கட்டைவிரல்ல நூலைச் சுத்தினா ஒரு கண்ணி. அதை இந்தப் பின்னல் ஊசியில ஏத்துங்க. இப்படி நூறு" என்றார். செய்து காட்டுவதற்குள் ஜீப்காரர் ஹாரன் அடித்தார். "மிச்சத்தை நாளைக்குச் சொல்றேன்" என்று டீச்சர் ஓடினார்.

ஊரிலேயே நீளமான வால் செயலாளர் அருணகிரியின் எருமைக்குத்தான். நூல் முனையை அதில் கட்டினார்கள்.

பூதலிங்கத்தின் கட்டைவிரலில் நூலைச் சுற்றி ஊசியையும் நுழைத்தாயிற்று.

"தலைவரே, விரலை எப்ப எடுக்கறது?"

"டீச்சரம்மா எடுக்கச் சொன்னாங்களா?"

"சொல்லலையே."

"அப்ப எடுக்கப்படாது. அடுத்த கண்ணிக்கு அடுத்த விரலைக் கூப்பிடு."

வயலிலிருந்தும் அடுப்படியிலிருந்தும் விரல்கள் வந்தன. ஊசியில் நாலு விரலுக்கு மேல் இடமில்லை. கட்சிக் கொடிக்கம்பத்தைப் பிடுங்கி அதையே ஊசியாக்கினார்கள். சாயங்காலத்துக்குள் ஊரே கம்பத்தோடு பின்னப்பட்டிருந்தது. மொத்தம் தொண்ணூற்றாறு கண்ணி. அதற்குமேல் ஊரில் கை இல்லை.

"கால் கட்டைவிரல் சேருமா?" என்றார் பொருளாளர் தொப்பளான்.

"அது காலுறைக்குய்யா" என்று அதட்டினார் பூதலிங்கம்.

அடுத்த வாரம் வரவேண்டிய அமைச்சர், தேர்தல் தேதியை அறிவித்துவிடுவார்களோ என்ற பயத்தில் அன்றைக்கே வந்துவிட்டார். கார்களின் சத்தத்தில் எருமை மிரண்டு ஓடியது. அதன் பின்னால் நூல், நூலின் பின்னால் கம்பம், கம்பத்தின் பின்னால் ஊர். எல்லாருமாக அமைச்சரின் காருக்கு முன்னால் போய் விழுந்தார்கள்.

அமைச்சருக்கு வியர்த்தது. இப்படி ஒரு மனிதச் சங்கிலிப் போராட்டத்தை அவர் பார்த்ததே இல்லை. "பெரியவரே, உங்க கோரிக்கை என்ன?"

பூதலிங்கம் மூச்சு வாங்கினார். ரோடு அவர் நினைவிலேயே இல்லை. "நாலு கட்டைவிரல் குறையுதுங்க."

"எழுதிக்கோய்யா" என்றார் அமைச்சர். உதவியாளர் எழுதிக்கொண்டார்: கட்டைவிரல் நாலு, பரிசீலனையில்.

அப்படியும் யாரும் கம்பத்தை விட்டு நகரவில்லை. அமைச்சர் பதறிப்போய், காலையில் வேறு ஊரில் தமக்குப் போர்த்திய சால்வையை எடுத்துப் பூதலிங்கத்தின் தோளில் போர்த்தி, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுக் காரில் பறந்தார்.

பூதலிங்கம் சால்வையைக் குனிந்து பார்த்தார். கண்ணில் நீர் முட்டியது. "வெறும் கண்ணி போட்டதுக்கே சால்வை வந்துடுச்சேய்யா! பின்னக்கூட இல்லையே!"

மறுநாள் வந்த ரெபேக்கா டீச்சரை, இனிமேல் கற்க ஒன்றும் பாக்கியில்லை என்று மாலை போட்டு அனுப்பிவைத்தார்கள்.

அடுத்த மாதம் தாசில்தார் வந்தார். அவர் போட்டிருந்த பேண்ட் அருணகிரிக்கு ரொம்பப் பிடித்துப்போனது. தாசில்தார் ஜீப்பை விட்டு இறங்குவதற்குள் ஊரே கம்பத்தில் கண்ணி போட்டு, பொறுமையாக அவர் இடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றது.